பாலத்தின்மேல் நிற்கும் உரிமை

பாலம் என்பது யாதெனில், ஒரு கரையினின்று மறுகரைக்குச் செல்லும் வழி என்று சிறு பிள்ளையும் கூறும். இவ்விடை பிழையன்று, ஆயினும் முழு விடையும் ஆகாது. கரை கடக்கும் மனிதனுக்குக் கால் மாத்திரமா இருக்கிறது? கண் உண்டு, வாய் உண்டு, களைப்பு உண்டு. எதிரில் வருவானோடு இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்னும் ஆசையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் இடங்கொடாமல், வண்டிச் சக்கரத்துக்கு மாத்திரம் இடங்கொடுத்துப் பாலங்களைக் கட்டிக்கொண்டு போவதே நாகரிகம் என்று இக்காலத்தார் பலர் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணம் சரிதானா, பாலங்களைப் பொதுஜனங்கள் கூடி மகிழும் இடங்களாகத் திருத்தியமைப்பதால் நம்மவர்க்கு விளையும் நன்மை யாது என்பனவற்றை ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

கம்போங் ராஜா மலையில் தேயிலைக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் கிராணிக்குப் பட்டணத்துப் பாலங்களைப் பற்றி என்ன கவலை என்று நேயர்கள் சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்வியே. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு, பொதுவிடம் என்னும் ஒன்று இல்லாக் குறை பட்டணத்தானைவிட நன்றாகத் தெரியும். அதனாற்றான் இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் நம் நாட்டுப் பழங்கதையையே எடுத்துக்கொள்வோம். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் மலாக்கா ஆற்றின்மேல் ஒரு மரப்பாலம் இருந்தது. ஒரு கரையில் அரண்மனையும் பள்ளிவாசலும்; மறுகரையில் ஊப்பே என்னும் வணிகர் பகுதி. இவ்விரண்டையும் இணைத்த அப்பாலம் வெறும் வழியாக மாத்திரம் இருந்ததில்லை. அதன்மேல் கடைகள் இருந்தன, அங்கே சந்தை கூடிற்று என்று போர்த்துக்கேசியர் எழுதிவைத்த குறிப்புகளால் அறிகின்றோம். குஜராத்தியர், சீனர், ஜாவாக்காரர், பெகு நாட்டார் ஆகியோரோடு தமிழகக் கரையிலிருந்து கலமேறி வந்த நம் முன்னோரும் அந்நகரத்தின் வாணிகத்தில் பெரும்பங்கு கொண்டிருந்தனர். இன்னின்ன நாட்டு வணிகர்க்கு இன்னின்னார் என்று நான்கு ஷாபந்தர்களை நியமிக்கவேண்டிய அளவுக்கு அயலார் கூட்டம் அங்கே பெருகியிருந்தது. அத்துணை மொழிகளும் ஒன்றோடொன்று உரசிக்கொண்ட இடங்களுள் அப்பாலம் ஒன்று.

1511ஆம் ஆண்டில் அல்புகெர்க் என்னும் போர்த்துக்கேசியத் தளபதி மலாக்காவைத் தாக்கியபோது, ஜூலை மாதத்து முதல் தாக்குதலிலும், ஆகஸ்டு மாதத்து இரண்டாம் தாக்குதலிலும், அவன் குறி வைத்தது அந்தப் பாலத்தையே. பாலத்தைப் பிடித்தால் நகரம் இரண்டாகப் பிளந்துவிடும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. நகரத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதைச் சில வேளைகளில் குடியிருப்பவனைக் காட்டிலும் கொள்ளையிட வந்தவன் விரைவில் கண்டுகொள்கிறான். இப்பொழுது அவ்விடத்துக்கு அருகில் நிற்பது டான் கிம் செங் பாலம். 1862இல் அப்பெயர் கொண்ட சீன வணிகரின் பொருளுதவியால் ஒரு பாலம் அங்கே எழுந்தது. அவர் பெயரே இன்றும் வழங்கிவருகிறது. ஆற்றோரம் நடைபாதை அமைத்துவிட்ட பின்னர், மாலை நேரத்தில் அங்கே நிற்பவர் கூட்டத்தைப் பார்த்தால், பழைய மலாக்காவின் வாசனை முற்றும் அற்றுப்போய்விடவில்லை என்று சொல்லலாம்.

மேனாட்டிலும் இவ்வழக்கம் புதிதன்று. 1209இல் முடிக்கப்பெற்ற பழைய லண்டன் பாலத்தின்மேல் வீடுகளும் கடைகளும் இருபுறமும் நெருங்கி நின்றன. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் போக்குவரத்து நெரிசலைக் காரணங்காட்டி அவற்றை இடித்தார்கள். பாரிஸ் நகரத்தாரோ வேறொரு வழியைக் கண்டார்கள். 1607இல் திறக்கப்பெற்ற 'பான் நெஃப்' என்னும் பாலத்தில் வீடுகளைக் கட்டாமல், நடப்பவர்க்கென்று இருபுறமும் உயர்ந்த நடைபாதை அமைத்து, ஒவ்வொரு தூணின்மேலும் அரைவட்டமாக வெளியே நீட்டிய மாடங்களை வைத்தார்கள். சேறும் சகதியும் வண்டியும் ஒதுங்கின. மனிதன் நிற்பதற்கு இடம் கிடைத்தது. கூத்தாடிகளும், பல் பிடுங்குவோரும், பழம் புத்தகம் விற்போரும் அங்கே வந்து கூடினர். பாரசீகத்து இஸ்பஹான் நகரில் ஏறக்குறைய 1650இல் எழுந்த காஜூப் பாலம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. அது பாலமாகவும், நீரைத் தேக்கும் அணையாகவும், மாலையில் அமர்ந்து இளைப்பாறும் மண்டபமாகவும் ஒருங்கே அமைந்தது. அதன் கீழ்ப்புறத்துப் படிகளில் ஜனங்கள் உட்கார்ந்திருப்பதையும், வளைவுகளின் அடியில் நின்று எதிரொலி கேட்டுப் பாடுவதையும் இன்றும் காணலாம். அண்மைக் காலத்தில் ஆறே பல மாதங்கள் வறண்டு கிடந்தபோதும், பாடுவோர் கூட்டம் வற்றவில்லை.

இனி நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரைக் கவனிப்போம். அங்கே ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள கேவனா பாலம் 1869இல் முடிந்தது. கிளாஸ்கோவில் வார்த்த இரும்பை ஏற்றிவந்து பொருத்தியவர்களுள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகளும் இருந்தனர். காலில் விலங்கு பூண்ட நம் நாட்டவர் கையால் ஆன அப்பாலத்தைப் பிற்காலத்தார் காற்று வாங்கும் இடமாகக் கொண்டாடுவர் என்று அன்று யார் நினைத்திருப்பர்? 1910இல் பக்கத்தில் ஆண்டர்சன் பாலம் திறக்கப்பட்டதும், கேவனா பாலத்தை இடித்துத் தள்ளாமல் நடப்பவர்க்கே ஒதுக்கிவிட்டனர். ஏறக்குறைய 150 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டிகளும், ஆடுமாடு குதிரைகளும் அதன்மேல் ஏறலாகாது என்னும் பழைய போலீஸ் அறிவிப்புப் பலகை இன்னும் அங்கே இருக்கிறது. வண்டிக்காரனைப் பார்த்து 'நீ விலகு' என்று சொல்லும் பலகை உலகத்தில் மிகச் சிலவே! அப்பாலத்தருகே ஆற்றில் குதிக்கும் சிறுவர்களை வெண்கலத்தில் வார்த்து நிறுத்தியுள்ளனர். முற்காலத்துப் பிள்ளைகள் அந்த ஆற்றை எப்படி அனுபவித்தனர் என்பதற்கு அது நினைவுச் சின்னம்.

அதே ஆற்றில் சற்று உள்ளே போனால் 1889இல் கட்டிய ரீட் பாலம். அதன் வரலாறு நமக்குப் பெரும் படிப்பினையாகும். பகலெல்லாம் தோணியிலிருந்து மூட்டை சுமந்த தியோச்சூ கூலிகள் இரவில் அப்பாலத்தடியில் வந்து அமர்வர். கதை சொல்லி ஒருவர் எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் பழைய வீரர் கதைகளை விரித்துரைப்பார். அக்காலத்துச் சீனக் கதை சொல்லிகள் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி வைத்து, அது எரிந்து முடிந்ததும் கதையை நிறுத்திக் காசு திரட்டுவது வழக்கம். எழுத்தறியாத அந்தக் கூலிகளுக்குப் பள்ளிக்கூடமும் நாடக சாலையும் அப்பாலமே. 1977 முதல் 1987 வரை பத்தாண்டு முயன்று அரசாங்கம் அவ்வாற்றைச் சுத்தம் செய்தது. தோணிகள் போயின, கூலிகளும் போயினர். பின்னாளில் அதே பாலம், போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு விடியுமட்டும் உட்கார்ந்திருக்கும் வாலிபர் கூட்டத்துக்குப் பெயர் பெற்றதாயிற்று. 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30 மணிக்குமேல் பொதுவிடங்களில் குடிக்கலாகாது என்று சட்டம் வந்தது. இதிலிருந்து நாம் அறிவது யாது? உட்காரும் இடம் இருந்தால் ஜனங்கள் உட்காரத்தான் செய்வர். கதை கேட்க உட்காருவரா, குடிக்க உட்காருவரா என்பது, அவ்விடத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நம் தலைநகரான கோலாலம்பூரில் 2020 பிப்ரவரியில் சலோமா பாலம் திறக்கப்பெற்றது. 69 மீட்டர் நீளமுள்ள இந்நடைப்பாலம் கிள்ளான் ஆற்றையும் நெடுஞ்சாலையையும் தாண்டிக் கம்போங் பாருவை அம்பாங் சாலைப் பக்கத்துடன் இணைக்கிறது. செலவு 3 கோடியே 10 லட்சம் வெள்ளி என்றனர். மலாய்க்காரர் திருமணத்தில் வெற்றிலையை அடுக்கடுக்காகக் கோத்து வைக்கும் 'சிரே ஜுன்ஜோங்' என்னும் அலங்காரத்தின் வடிவில் அதை அமைத்திருக்கின்றனர். வெற்றிலை வைத்து உறவு கொண்டாடுவது நம்மவர்க்கும் உரிய வழக்கமன்றோ? ஒரு புறம் பழைய மரவீடுகள், மறுபுறம் வானளாவிய கோபுரங்கள், இடையே வெற்றிலை. நல்ல எண்ணமே. இரவு விளக்கொளியில் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் அரியர். அயலூரார் படம் எடுத்துச் செல்வதோடு, அக்கம்பக்கத்துக் கிழவரும் பிள்ளைகளும் நாள்தோறும் வந்து அமரும் இடமாகவும் அது ஆகுமானால், செலவிட்ட வெள்ளி அத்தனையும் வட்டியோடு திரும்பிவிடும்.

தாய்த் தமிழகத்திலும் முயற்சிகள் நடக்கின்றன. சென்னை மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர்ப் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைமேடை ஒன்று 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. ரங்கநாதன் தெருவின் நெரிசலில் இடிபட்டவர்க்கு அதன் அருமை தெரியும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டது. மதுரையிலோ, வையை ஆற்றில் 1889இல் எழுந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தின்மேல் சித்திரைத் திருவிழாவின்போது ஜனங்கள் இடம் பிடித்து நிற்பதை உலகமே அறியும். நாம் அத்திருவிழாவின் சமயக் கருத்துகளுக்குள் புகவில்லை. பாலத்தில் நின்று ஆற்றைப் பார்க்கும் இன்பத்தை நம் ஜனங்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டுவதில்லை என்பதை மாத்திரம் சுட்டுகின்றோம். ஆண்டுக்கு ஒரு நாள் கிடைக்கும் அவ்வின்பம் 365 நாளும் கிடைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இனி, தோட்டத்துத் தமிழர்க்கு வருவோம். நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டத்தில் எத்தனை பொதுவிடங்கள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும் களம்; அங்கே நிற்பது கட்டளைக்காக. கோவில், அங்கே யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்பதைப் பல இடங்களில் சாதி நிர்ணயித்தது. கள்ளுக்கடை, அங்கே மாத்திரம் சமத்துவம் இருந்தது, ஆனால் கூலிப்பணம் அங்கேயே நின்றுவிட்டது. இம்மூன்றும் ஒழிந்து, ஒரு மனிதன் யாருக்கும் அடிபணியாமலும், காசு கொடாமலும், சாதி சொல்லாமலும் நின்று பேசுவதற்கு இருந்த இடம் ஓடையின்மேல் போட்ட சிறு பாலம் ஒன்றே. கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டத்தில் சிறை சென்ற பெரியார் 1929ஆம் ஆண்டு இறுதியில் இந்நாட்டுக்கு வந்து தன்மானத்தைப் பற்றிப் பேசியபோது, கேட்டவர்களுள் பெரும்பாலோர் தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைத்து வாழ்ந்த நம்மவர்களே. நடக்கும் உரிமை கிடைத்துவிட்டது. நிற்கும் உரிமையும் உட்காரும் உரிமையும் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பதே நம் கட்சி.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்றுண்டு. நாம் வேலை செய்யும் வட்டாரத்தில் லயத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையே ஓடையின்மேல் ஒரு பழைய பாலம் இருந்தது. இருபுறமும் முழங்கால் உயரத்துக்குச் சுவர். வேலை ஓய்ந்த முதியவர்கள் அச்சுவரில் அமர்ந்து பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பர். கொழுந்தெடுத்துத் திரும்பும் பெண்கள் சுமையை இறக்கிவைத்துச் சற்று மூச்சு வாங்குவர். கைத்தொலைபேசிக்கு அலை நன்றாகக் கிடைப்பதும் அங்கேதான். ஆதலால் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் மாலையில் அங்கே நின்று தம் மனைவி மக்களோடு பேசுவர்; பேசி முடித்தபின் பக்கத்தில் இருக்கும் நம் கிழவர்க்குத் தம் குழந்தையின் படத்தைக் காட்டுவர். மொழி தெரியாதவர் இருவர் ஒரு படத்தைப் பார்த்துச் சிரிப்பதைக் காட்டிலும் சிறந்த சர்வதேச மகாநாடு எதுவென்று நமக்குத் தெரியவில்லை.

காய்கறி லாரிகள் பெருகின. பாலம் போதவில்லை. அதை இடித்துப் புதுப்பாலம் கட்டினர். கட்டவேண்டியதுதான், அதில் குற்றமில்லை. ஆனால் புதுப்பாலத்தில் சுவருக்குப் பதில் மார்பளவு இரும்புத் தடுப்பு வந்தது. நடைபாதை என்பதே இல்லை. லாரி வரும்போது நடப்பவன் தடுப்போடு ஒட்டிக்கொண்டு வயிற்றை உள்ளிழுத்துக்கொள்ள வேண்டும். முதியவர்கள் கேட்டுக்கொண்டபடி நாம் ஒரு மனு எழுதினோம். ஆங்கிலப் பள்ளியில் படித்ததன் பயன் இம்மாதிரி வேளைகளில்தான் பிறர்க்கு உதவுகிறது. ஒரு முழம் அகலத்தில் நடைபாதை, நான்கு பேர் உட்காரத்தக்க பலகை, ஒரு விளக்கு, இவ்வளவே கேட்டோம். எந்த அலுவலகம் என்று கூறவேண்டுவதில்லை. அங்கிருந்து வந்த விடையின் சாரம், பாலம் போக்குவரத்துக்கே உரியது என்பது. இரண்டாம் மனு இன்னும் நிலுவையில் கிடக்கிறது. இதற்கிடையே அந்த முதியவர்களிற் சிலர் இப்பொழுது சாராயக்கடை வாசலில் உட்காருகின்றனர். அவர்கள் குடிக்கும் ஆசையால் அங்கே போகவில்லை. அங்கே பலகையும் விளக்கும் இருக்கின்றன. மற்றவர் வீட்டுக்குள் முடங்கிவிட்டனர். கூலியாய் உழைத்துத் தேய்ந்த ஒருவனுடைய கடைசிப் பத்தாண்டு எங்கே கழியும் என்பதை ஒரு பலகை தீர்மானித்துவிட்டது!

எதிர்வாதம் கூறுவோரும் உளர். அவர்கள் வார்த்தையையும் கேட்போம். கூட்டம் கூடினால் பாலம் தாங்குமா என்கின்றனர். தகுந்த கேள்வியே. 2022 அக்டோபர் 30இல் குஜராத்தில் மோர்பி நகரத் தொங்குபாலம் அறுந்து 135 பேர் மாண்டனர். பழுது பார்த்து மறுபடி திறந்து சில நாட்களே ஆகியிருந்தன; தாங்கும் அளவுக்கு மேற்பட்ட ஜனங்களை அனுமதித்திருந்தனர். லண்டனில் 2000 ஜூன் 10இல் திறந்த மில்லேனியம் நடைப்பாலம் நடப்பவர் கூட்டத்தின் அடிவைப்பால் பக்கவாட்டில் ஆடத் தொடங்கிற்று. இரண்டே நாளில் அதை மூடி, அதிர்வை அடக்கும் கருவிகளைப் பொருத்தி, 2002இல் மறுபடி திறந்தனர். இவற்றின் பாடம் யாது? ஜனங்கள் கூடவே கூடாது என்பதன்று. கூடுவார்கள் என்பதை முன்னதாகவே கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது. நெருக்கமாக நிற்கும் கூட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோகிராம் பாரம் என்று பொறியியலார் கணக்கிடுகின்றனர். அந்தக் கணக்கைப் போட்டுக் கட்டிய பாலத்தில் கல்யாண ஊர்வலமே நின்றாலும் அச்சமில்லை. கணக்கும் போடாமல், பழுதும் பாராமல், காசுக்கு ஆசைப்பட்டு ஆட்களை ஏற்றுவதே ஆபத்து.

இரண்டாவது, வெள்ளம். இதை எமது மலை ஜில்லாவில் இருப்பவர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் ரிங்லெட் அணையிலிருந்து நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்த சேற்று வெள்ளம் உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றது. ஆதலால் ஆற்றோரத் திண்ணைகளைத் தாழ்வாக அமைப்பது பெரும் பிழை. உட்காரும் இடம் பாலத்தின் மட்டத்திலேயே இருக்கவேண்டும். எச்சரிக்கைச் சங்கு காதில் விழவேண்டும். மேலே செல்ல வழி வேண்டும்.

மூன்றாவது, சோம்பேறிகள் பெருகிவிடுவர் என்பது. எட்டு மணி நேரம் சரிவில் நின்று கொழுந்தெடுத்தவள் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் அது சோம்பலா? துரைமார்க்குக் கிளப்பும், முதலாளிமார்க்குக் குளிர்சாதன அறையும் இருந்தபோது எழாத இக்கேள்வி, ஏழைக்குப் பலகை கேட்டவுடன் எழுவதேன்?

அப்படியானால் என்ன செய்யவேண்டும்? கோடிக்கணக்கில் செலவு செய்து கண்ணாடியும் வண்ண விளக்கும் கேட்க நாம் வரவில்லை. பட்டணத்துப் பாலமாயினும் தோட்டத்துப் பாலமாயினும் சில காரியங்கள் போதும். வண்டிக்கும் மனிதனுக்கும் இடையே உயர்ந்த நடைபாதை வேண்டும். பாரிஸ் பாலத்தில் உள்ளதுபோல் ஆங்காங்கே வெளியே நீட்டிய மாடங்கள் இருந்தால், நிற்பவன் நடப்பவனுக்கு இடைஞ்சலாகான். நம் மலையில் பிற்பகல் தோறும் மழை. ஆகையால் ஒரு கூரை. மூடுபனியிலும் முகம் தெரியும்படி விளக்கு. நடைபாதையின் முடிவில் கச்சானும் சூடான தேநீரும் விற்பவர்க்குச் சிறிது இடம். கடை இருக்கும் இடத்தில் கண்காணிப்பு தானே இருக்கும். மதுபானத்துக்கு மாத்திரம் இடமில்லை. பழைய பாலத்தின் பக்கத்தில் புதியது எழுந்தால், பழையதை இடிக்காமல், பழுது பார்த்து, கேவனா பாலத்தைப்போல நடப்பவர்க்கு விட்டுவிடுதல் எல்லாவற்றினும் மலிவு.

இவையனைத்தையும் சோதித்துப் பார்க்க ஓர் உரைகல் உண்டு. இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் தனியாக அப்பாலத்தில் நின்று, யாருக்கும் காரணம் சொல்லாமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? முடியுமானால் அது நல்ல பாலம். ஆடவர் மாத்திரம் கூடும் இடம் எவ்வளவு அழகாயிருந்தாலும் பாதிப் பொதுவிடமே. நம் சமூகத்தில் பெண் வெளியே போவதற்குக் கோவில், கடை, வேலை என்று ஏதேனும் ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. சாக்கில்லாமல் நிற்பதற்கு ஓரிடம் கிடைத்தால், அது பத்து மேடைப் பிரசங்கத்துக்குச் சமானமாகும்.

நேயர்களே! பாலம் கட்டுவது பொறியாளர் வேலை. அது எப்படி இருக்கவேண்டும் என்று கேட்பது குடிமக்கள் வேலை. உங்கள் ஊரில் ஒரு பாலத்தை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், சிமெண்டு கொட்டுவதற்கு முன்னே நாலு பேராகச் சேர்ந்து மாவட்ட மன்றத்துக்குப் போங்கள். படத்தைக் காட்டச் சொல்லுங்கள். நடைபாதை எங்கே, விளக்கு எங்கே, பலகை எங்கே என்று விரல் வைத்துக் கேளுங்கள். மலாய்த் தோழரையும் சீனத் தோழரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். களைத்த கால் எல்லா இனத்தார்க்கும் ஒன்றுதான். எழுதத் தெரிந்தவர் எழுதத் தெரியாதவர்க்காக மனு எழுதுங்கள். விடை வராவிட்டால் இன்னொன்று எழுதுங்கள். நம்முடைய மூன்றாவது மனு இப்பொழுது மேசையின்மேல் தயாராய் இருக்கிறது. நாளைத் தபாலில் போகும்.